கண்ணை மூடியே கிடக்கும் பச்சோந்தி: வைத்தியத்தை எங்கே தொடங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போதைய பெஸ்தாரி ஜெயா) தாமான் வீடு, அதாவது வீடமைப்புப் பகுதி வீடு. குட்டியாக வாங்கிய ஏமன் பச்சோந்திக்கு இப்போது ஏழெட்டு மாதம் ஆகிறது. பழைய மீன் தொட்டியில் போட்டு, மேலே வலை மூடி, முன்வாசல் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள். பகலில் சாதாரண மஞ்சள் பல்பு, இரவில் சிவப்பு பல்பு. சில நாளாகப் பகலிலும் கண்ணை மூடிக்கொள்கிறது. தீனியாகப் போடும் செங்கெரிக்கை (சிள்வண்டை)ப் பார்த்து வாயைத் திறந்தாலும் நாக்கு பாதிதான் வருகிறது. முன்னங்கால் வளைந்த மாதிரி தெரிகிறது. ‘கண்ணுக்கு என்ன சொட்டு மருந்து விடலாம் அண்ணே?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதுவும் விட வேண்டாம். முக்கியமாக, வீட்டில் மீந்து கிடக்கும் மனுஷக் கண் மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கண்ணில் புண் இருந்தால் அது இன்னும் மோசமாகும். பச்சோந்திக்கு மத்தியானத் தூக்கம் என்ற பழக்கமே கிடையாது. வெளிச்சம் வந்தால் விழிக்கும், இருட்டினால் தூங்கும். பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடம்பு ரொம்ப நாளாகவே சரியில்லை, இனி மறைக்கத் தெம்பில்லை என்று அர்த்தம். காட்டில் நோயைக் காட்டிக்கொண்டால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால் கடைசிவரை நன்றாக இருப்பது போலவே நடிக்கும். அதனால் நாம் கவனிக்கும்போது பாதி தூரம் போயிருக்கும்.

நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் வீட்டிலிருந்து வந்தவை. பச்சோந்திக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி கூண்டிலும் விளக்கிலும் தண்ணீரிலும் தொடங்குவதுதான். அவற்றைச் சரிசெய்யாமல் ஊற்றுகிற மருந்து வீண். இதில் நம் ஊருக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. பச்சோந்தி வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் வீட்டில் சூடு பற்றாது, ஈரம் பற்றாது. ஆகவே பல்பு போடு, மூடி வை, புகை மாதிரி ஈரம் அடி என்பார்கள். நமக்கு அந்த இரண்டும் கேட்காமலே கொட்டிக் கிடக்கிறது. வீட்டுக்குள் வைத்து வளர்க்கும்போது நமக்குக் குறைவது புற ஊதா வெளிச்சம், காற்றோட்டம், இராத்திரிக் குளுமை. இந்த மூன்றைத்தான் நாம் காசு போட்டு, மெனக்கெட்டு ஏற்படுத்த வேண்டும்.

ஏமன் பச்சோந்தி, அதாவது தலையில் கொண்டை நிமிர்ந்து நிற்கும் ‘வெயில்ட்’ இனம், ஏமனிலும் அதை ஒட்டிய தென்மேற்கு சவுதியிலும் வாழ்வது. பாலைவனப் பிராணி என்று பலர் நினைக்கிறார்கள். அது இருப்பது மலைச்சரிவுகளிலும், மழை இறங்கும் பள்ளத்தாக்குகளின் மரம் செடிகளிலும். பகலில் வெயில் உறைக்கும், இரவில் நன்றாகக் குளிரும், விடியற்காலையில் இலையில் பனி இறங்கும். அந்தப் பனியை நக்கித்தான் குடிக்கும். கடைகளில் பார்க்கும் இன்னொரு இனமான பேந்தர், மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரம். அதற்கு நம் சீதோஷ்ணம் ஓரளவு ஒத்துவரும். மூன்று கொம்பு வைத்த ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைக்காரன். கேமரன் மலையில் வீடு இருந்தால் யோசிக்கலாம், கோல சிலாங்கூர் பக்கம் அதை வாங்குவது பாவம்.

சரி, கால் வளைந்ததற்கு வருவோம். இது எலும்பு மெலிவு. கண்ணாடித் தொட்டி, சாதாரண பல்பு, சத்துப் பவுடர் எதுவும் தூவாத செங்கெரிக் என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். உடம்பு சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3 உண்டாக, தோலில் யூவி-பி என்ற புற ஊதாக் கதிர் பட வேண்டும். மஞ்சள் பல்பில் அது கிடையாது. ஜன்னல் வழியாக வரும் வெயிலிலும் கிடையாது, ஏனென்றால் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும். முன்வாசலில் நல்ல வெளிச்சம்தானே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கூரை நிழலுக்குள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அதற்கு வெளிச்சம் இருந்தது, கதிர் இல்லை. இரத்தத்தில் சுண்ணாம்பு குறையும்போது உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துச் செலவு செய்யும். எலும்பு ரப்பராகி, சொந்தப் பாரம் தாங்காமல் வளையும். தாடை மெத்தென்று ஆகும், வாய் சரியாக மூடாது. கிளையைப் பிடிக்க வேண்டிய கை தன் இன்னொரு கையையே பிடித்துக்கொள்ளும். விரல்கள் துடிக்கும். நாக்கை வீசவும் தசைக்குச் சுண்ணாம்பு வேண்டும். உடம்பு நீளத்தைவிட அதிகமாகப் பாய வேண்டிய நாக்கு பாதியில் நிற்பது அதனால்தான்.

வளைந்த எலும்பு நேராகாது. ஆனால் நோயை அந்த இடத்திலேயே நிறுத்தலாம். கால் கொஞ்சம் கோணலாகவே பல வருஷம் நன்றாகச் சாப்பிட்டு வாழ்கிற பச்சோந்திகள் நிறைய. உங்களுடையது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். மருத்துவர் சுண்ணாம்புச் சத்தை வாய் வழியாகவோ ஊசியாகவோ அளவு பார்த்துக் கொடுப்பார். இங்கே ஓர் எச்சரிக்கை. யாராவது பெரியவர் ‘சுண்ணாம்புதானே குறைச்சல், வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் தடவிவிடு’ என்பார். அது காரம், வாயும் தொண்டையும் வெந்துபோகும். மீன் எண்ணெய் மாத்திரையைக் குத்தி ஊற்றுவதும் வேண்டாம். அதில் வைட்டமின் ஏயும் டியும் இவ்வளவு சின்ன உடம்புக்குத் தாங்காத அளவில் இருக்கும், மிஞ்சினால் விஷம்.

கண்ணுக்கு வருவோம். கண் குழி விழுந்து உள்ளே போயிருக்கிறதா, இல்லை வீங்கி வெளியே தள்ளியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் வேறு வேறு. குழி விழுந்திருந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறை. அதைக் கழிவிலும் பார்க்கலாம். பச்சோந்தியின் எச்சத்தில் கருப்பாக ஒரு பகுதியும், அதோடு ஒட்டிச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு பகுதியும் இருக்கும். இரண்டாவதுதான் சிறுநீர். அது வெள்ளையாக இருந்தால் நல்லது, ஓரத்தில் லேசாக மஞ்சள் ஓடினாலும் பரவாயில்லை. முழுவதும் ஆரஞ்சாக, உலர்ந்து மணல் மாதிரி உதிர்ந்தால் நாள்கணக்காகத் தாகத்தோடு இருக்கிறது. கண் வீங்கியிருந்தால் வைட்டமின் ஏ குறைவு, கண் குழிக்குள் உரிந்த தோல் அல்லது தூசி சிக்கியது, கிருமித் தொற்று, இவற்றில் ஏதோ ஒன்று. சுருள் வடிவச் சின்ன யூவி பல்பைப் பக்கத்திலேயே மாட்டினாலும் கண் எரிச்சல் வரும். வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கு ஒட்டும் தன்மையையும் இழக்கும், தோல் உரிவதும் சரியாக நடக்காது. ஆக, உங்கள் பச்சோந்தியின் நாக்குக்கு இரண்டு காரணமும் சேர்ந்திருக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஆட்கள் செய்வது, ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைப்பது. அசையாமல் நிற்கும் தண்ணீரை அதற்குத் தண்ணீர் என்றே தெரியாது. இலையில் உருளும் சொட்டைத்தான் தெரியும். காலையில் விளக்கு வருவதற்குச் சற்று முன்னால், பூச்செடிக்கு அடிக்கிற பம்ப் போத்தலால் இலைகள் மேல் மெல்லிய சாரலாகத் தெளியுங்கள். முகத்தில் நேராக அடிக்காதீர்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்று நடுங்கும். ஒரு கண் முன்னால் பார்க்கும், இன்னொரு கண் பின்னால் உங்களைப் பார்க்கும். கன்னம் அசையும். அப்புறம் தலையை லேசாகத் தூக்கி, பக்கத்து இலையின் விளிம்பை மெதுவாக நக்கத் தொடங்கும். இதற்கே ஐந்து நிமிஷம் போகும். அரை நிமிஷம் தெளித்துவிட்டு வேலைக்கு ஓடினால் அது குடித்திருக்காது. அவசரக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடியில் ஊசியால் குத்தித் தொங்கவிட்டு, நொடிக்கொரு சொட்டாக இலை மேல் விழ வைக்கலாம். மாலையில் விளக்கு அணைந்த பிறகு இன்னொரு முறை தெளித்தால் போதும். நடுவில் கூண்டு முழுக்கக் காய வேண்டும். ஈரப்பதத்துக்காகத் தெளிக்கிறேன் என்று நாள் முழுக்க நனைக்க வேண்டாம். இந்த ஊரில் இராத்திரி ஈரப்பதம் தானாகவே 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஈரப் புகை இயந்திரத்துக்குச் செலவு செய்யாதீர்கள்.

காயாத கூண்டில் வருவதுதான் நெஞ்சுச் சளி. நம் பக்கம் எலும்பு மெலிவுக்கு அடுத்து நான் அதிகம் பார்ப்பது இது. தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கியபடியே உட்கார்ந்திருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும், மூச்சு விடும்போது சின்னதாகச் சொடக்குப் போடுகிற சத்தம் கேட்கும், வாய் ஓரத்தில் நூல் மாதிரி எச்சில். வெயில் காய்கிறபோது வாயைத் திறப்பது சூட்டைத் தணிக்க. விடியற்காலையிலோ இரவிலோ திறந்தால் அது நோய். மீன் தொட்டியில் காற்று தேங்கிக் கிடக்கும், பூஞ்சை வளரும். அதன் மேல் நம் வீட்டுப் புகை வேறு. கொசுவர்த்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் அந்தச் சின்ன நுரையீரலுக்குப் பெரிய சுமை. சாமி கும்பிடாதே என்று சொல்லவில்லை. கூண்டை சாமி அறையிலிருந்து தள்ளி வைக்கலாம், புகை போடும் நேரத்தில் வேறு அறைக்கு எடுத்துச் செல்லலாம். டெங்கி புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே கூண்டோடு வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். வீட்டுக்குள் புகுந்த புகை வெளியேறி, தரையும் துடைத்த பிறகு கொண்டுவாருங்கள். புகைமூட்டக் காலத்தில் வெளியே வைக்கவே வேண்டாம். சளி பிடித்துவிட்டால் கைவைத்தியம் கிடையாது, ஆன்டிபயாடிக் வேண்டும், அதையும் மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். மீனுக்கு, கோழிக்கு என்று கடையில் விற்கும் மருந்துப் பவுடரைக் கரைத்து ஊற்றாதீர்கள்.

இப்போது கூண்டு. மீன் தொட்டியைத் திரும்ப மீனுக்கே கொடுத்துவிடுங்கள். பக்கமெல்லாம் வலை உள்ள, உயரமான கூண்டு வேண்டும். வளர்ந்த பச்சோந்திக்கு அகலம் 60, ஆழம் 60, உயரம் 120 சென்டிமீட்டர், அதாவது இரண்டுக்கு இரண்டுக்கு நாலு அடி என்பது நியாயமான அளவு. கடையில் வாங்கினால் விலை கூடுதல்தான். தாமானில் ஜன்னல் கிரில், அலுமினியச் சட்டம் போடுகிறவர்களிடம் சொன்னால் செய்து தருவார்கள். வலை மட்டும் கவனம்: சாதாரணக் கொசுவலைக் கம்பியில் நகம் மாட்டிப் பிய்ந்துவிடும். பிளாஸ்டிக் பூசிய, கொஞ்சம் பெரிய கண் உள்ள வலை நல்லது. கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். கண் மட்டத்துக்கு மேலே இருந்து உலகத்தைப் பார்த்தால்தான் அதற்குப் பயம் போகும். நாய், பூனை, ஓடியாடுகிற பிள்ளைகள் என்று கீழே இருக்கும் ஒவ்வொன்றும் அதற்கு எதிரி. எறும்பு இன்னொரு தலைவலி. பலவீனமான பச்சோந்தியை இராத்திரியில் எறும்பு மொய்த்தால் காலையில் பார்க்க முடியாது. அந்தக் காலத்துச் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்தது போல நாலு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிடாமல் இருக்க அந்தத் தண்ணீரில் சோப்பு கரைத்து, வாரா வாரம் மாற்ற வேண்டும். கூண்டுக்கு அடியில் சொட்டுத் தண்ணீர் பிடிக்கும் தட்டையும் தினமும் கொட்டுங்கள். சுகாதார இலாகாக்காரர்கள் வந்து பார்த்தால் பச்சோந்திக்காக வைத்தேன் என்றால் அபராதம் குறையாது.

உள்ளே கிளைகள். கொய்யாக் கிளை அருமை: உறுதி, வழவழப்பு, பல தடிமனில் கிடைக்கும். ரப்பர் மரக் கிளை சும்மா கிடைக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள், பால் வடிந்து காலில் ஒட்டும். விரல் பருமனில் சில, கட்டைவிரல் பருமனில் சில, குறுக்கும் சரிவுமாகக் கட்டுங்கள். விளக்குக்குக் கீழே ஒரு கிளை மட்டும் நேர் கிடையாக இருக்கட்டும், அது வெயில் காயும் இடம். செடிக்குச் செம்பருத்திதான் முதல் தேர்வு. ஏமன் பச்சோந்தி இலையும் பூவும் கடித்துத் தின்னும், செம்பருத்தி வயிற்றுக்குக் கெடுதல் செய்யாது. நர்சரியிலிருந்து வந்த செடியில் பூச்சிமருந்து இருக்கும். இலையை நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே விட்டுப் பிறகு உள்ளே வையுங்கள். அரளி, குரோட்டன் பக்கமே போகக் கூடாது. தரையில் மண்ணோ மரத்தூளோ போட வேண்டாம், பூச்சியைக் கவ்வும்போது அதையும் விழுங்கிக் குடலை அடைத்துக்கொள்ளும். உங்களுடையதற்கு எலும்பு பலவீனமாக இருப்பதால், குணமாகும் வரை கிளைகளைத் தாழ்வாகக் கட்டி, கீழே ஒரு பழைய துண்டை மடித்துப் போடுங்கள். இரண்டடியிலிருந்து விழுந்தாலே கை முறியும்.

விளக்கில்தான் காசைப் போட வேண்டும். பல நேரங்களில் பச்சோந்தியைவிட விளக்கு விலை அதிகமாக இருக்கும், அது சரிதான். நீளமான டி5 குழல் விளக்கு, ஆர்கேடியா கம்பெனி விளக்கில் 6 சதவீதம், ஜூமெட் கம்பெனி விளக்கில் 5.0 என்று போட்டிருக்கும். சுருள் பல்பு வேண்டாம். வலைக் கூரைக்கு மேலே குழலை வைத்து, பச்சோந்தியின் முதுகுக்கும் விளக்குக்கும் நடுவில் சுமார் ஒரு சாண் இடைவெளி வருகிற மாதிரி கிளையைக் கட்டுங்கள். யூவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண், அந்த இடத்தில் 3ஐ ஒட்டி இருந்தால் போதும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் தேய்ந்துவிடும், வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை 12 மணி நேரம், நம் ஊர்ப் பகலும் அவ்வளவுதான். ஒரு டைமர் மாட்டிவிட்டால் மறந்துவிடலாம்.

சூரிய ஒளி இருக்கும்போது எதற்கு விளக்கு என்று கேட்பீர்கள். சூரியனுக்கு ஈடு எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். காலை ஒன்பது மணி வாக்கில், வலைக் கூண்டில் இருபது முப்பது நிமிஷம், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி வைத்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. உங்களுடையதற்கு நாளைக் காலையிலேயே தொடங்கலாம். ஆனால் நம் நாட்டில் உச்சி வெயிலில் இந்த இண்டெக்ஸ் 11ஐத் தாண்டுகிறது, வெப்பமும் சேர்ந்துகொள்ளும். நிழலுக்கு ஒதுங்க வழியில்லாமல் வெயிலில் வைத்தால் அரைமணியில் செத்துவிடும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைப்பது அதைவிடச் சீக்கிரம் கொல்லும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மேகம் மூடியிருக்கும்போது குழல் விளக்கு கைகொடுக்கும். இரண்டும் இருக்கட்டும்.

சூட்டுக்கு வருவோம். வெயில் காயும் கிளையில் 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும், கூண்டின் கீழ்ப்பகுதி அதைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருக்க வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை மத்தியானத்தில் வீட்டுக்குள்ளேயே 31, 32 காட்டும். அப்படியென்றால் எதற்கு வெப்ப பல்பு? காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் 25 வாட் பல்பு போதும், வெக்கையான நாளில் அதையும் அணைத்துவிடுங்கள். பல்பு வலையை ஒட்டி இருந்தால் கொண்டையிலும் முதுகிலும் சுட்டுவிடும், அதற்குச் சூடு உறைப்பது தாமதமாகத்தான் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், நாற்பதை நெருங்கினாலும் நெருங்கும். 35ஐத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. வாயைப் பிளந்து, நிறம் வெளுத்து, கிளையைவிட்டு இறங்கி அலையும். அப்படிக் கண்டால் உடனே நிழலுக்கு மாற்றி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். சிவப்பு பல்பை இன்றிரவே கழற்றுங்கள். அதன் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சமும் வெளிச்சம்தான், தூங்க விடாது. நம் ஊர் இரவு பெரிதாகக் குளிர்வதே இல்லை, அதற்குமேல் சூடு எதற்கு? வீட்டில் காற்றோட்டமுள்ள அறையாகப் பார்த்து, இருட்டாக்கி, காற்றாடியை நேராக வீசாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

சாப்பாடு. பறவைக் கடையில் பொட்டலமாக விற்கும் செங்கெரிக் நல்ல தீனிதான், ஆனால் அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. கடையிலிருந்து வந்ததும் அப்படியே கொடுத்தால் வெறும் கூட்டைத் தின்னக் கொடுத்த மாதிரி. ஒரு நாள் வைத்து முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி தின்ன விடுங்கள். முருங்கை எல்லார் வீட்டு வேலியிலும் நிற்கிறது, சுண்ணாம்புச் சத்து நிறைந்தது, இதைவிட வேறென்ன வேண்டும்? பசலைக்கீரையைத் தவிருங்கள், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும். கொடுக்கும்போது டி3 இல்லாத கால்சியம் பவுடரை லேசாகத் தூவுங்கள். டி3யும் மற்ற வைட்டமின்களும் சேர்ந்த பவுடர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். மிஞ்சிப் போனால் கழுத்துக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கும். அப்படிக் கண்டால் பவுடரைக் குறைக்க வேண்டும். பூச்சியின் நீளம் பச்சோந்தியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. மீந்த செங்கெரிக்கை இரவில் கூண்டில் விடாதீர்கள், தூங்குகிற பச்சோந்தியையே கடிக்கும்.

பிள்ளைகள் தோட்டத்துப் பக்கம் போய் வெட்டுக்கிளி பிடித்து வருவார்கள். செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிக்கிறார்கள். எந்த வரிசையில் எப்போது அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. மருந்து பட்டுத் தள்ளாடுகிற பூச்சிதான் கையில் சுலபமாக அகப்படும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் சிலாங்கூர் ஆற்றங்கரை மின்மினிக்குப் பேர்போனது. அமெரிக்க மின்மினி இனங்களில் சிலவற்றின் நஞ்சு பல்லி வகைகளை ஒன்றிரண்டு பூச்சியிலேயே கொன்றிருக்கிறது. நம் ஊர் இனத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம், இராத்திரியில் மின்மினி கூண்டுக்குள் வராதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற நோய்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈறு சிவந்து, மஞ்சளாகத் தயிர்க்கட்டி போலப் படிந்தால் வாய்ப்புண். அது தாடை எலும்புக்குள் இறங்கும் முன் மருத்துவரிடம் போக வேண்டும். நன்றாகத் தின்றும் மெலிந்தால், எச்சம் தண்ணீராக நாறினால் குடல் புழு. புதிதாக வாங்கிய எதற்கும் ஒருமுறை எச்சத்தைச் சோதிப்பது நல்லது. மூட்டுகள் முண்டு முண்டாக வீங்கினால் யூரிக் அமிலம் சேர்ந்த கௌட். தண்ணீர் காணாமல் சிறுநீரகம் கெட்டதன் விளைவு. நாள் முழுக்கக் கருத்த நிறத்தில் இருந்தால் பயமோ குளிரோ நோயோ ஏதோ ஒன்று. பின்னணிக்கு ஏற்ப நிறம் மாற்றும் என்பது கதை. மனநிலை, சூடு, சண்டை, ஜோடி இவைதான் நிறத்தை மாற்றுகின்றன. ஒரு கூண்டில் ஒன்றுதான். ஜோடியாக இருந்தால் துணை என்று இன்னொன்றை வாங்கிவந்துவிடாதீர்கள், கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தாலே அதற்கு எதிரி வந்துவிட்டான் என்று அர்த்தம். தொட்ட பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவுவது கட்டாயம், சால்மொனெல்லா கிருமி இருக்கும். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தள்ளியே இருக்கட்டும்.

வாங்கியபோது காகிதம் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த இனங்கள், அழிந்துவரும் உயிரினங்களின் உலக வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரினங்களுக்கான அனைத்துலக வாணிபச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடைக்காரரிடம் ரசீதும் இறக்குமதி விவரமும் கேட்டு வாங்கி வையுங்கள், சந்தேகம் இருந்தால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானில் நேராகக் கேட்டுவிடுங்கள்.

மருத்துவரைப் பொறுத்தவரை, நாய் பூனை மட்டும் பார்க்கிற கிளினிக்கில் காட்டி நேரத்தை இழக்காதீர்கள். ஊர்வன பார்ப்பீர்களா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். போகும்போது காலையில் கிளம்புங்கள், மத்தியான வெக்கையில் காரில் வைக்காதீர்கள். காற்றுத் துளை போட்ட பெட்டிக்குள் ஒரு கிளையைக் கட்டி, துணி போர்த்தி இருட்டாக்கினால் அமைதியாக வரும். கூண்டையும் விளக்கையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பவுடர் டப்பா ஏதும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், புதிய எச்சத்தை ஈரத் தாளில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை நாக்கால் பிடிக்க முடியாததால், செங்கெரிக்கின் பின்னங்கால் மூட்டைக் கிள்ளி, வழவழப்பான கிண்ணத்தில் போட்டு வாய்க்குக் கிட்டே காட்டுங்கள். வாயைப் பிளந்து திணிக்க வேண்டாம், தாடை இருக்கிற நிலையில் உடைந்துவிடும்.

கடைசியாக ஒன்று, ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லுங்கள். பின்னங்காலின் குதிப்பக்கம் சின்ன முள் போல் ஒரு துருத்தல் இருந்தால் ஆண். பிறக்கும்போதே இருக்கும், ஏமன் இனத்தில் இதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இல்லையென்றால் பெண். பெண்ணானால் வேலை கூடுகிறது. ஏழெட்டு மாதத்தில், ஆணையே பார்க்காவிட்டாலும், முட்டை கட்டத் தொடங்கிவிடும். ஒரே ஈட்டில் இருபது முதல் அறுபது எழுபது வரை. அத்தனை ஓட்டுக்கும் சுண்ணாம்பு அதன் எலும்பிலிருந்துதான் போகும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துச் சாகும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, கூண்டின் அடியில் இறங்கி மூலையைச் சுரண்டினால் நேரம் வந்துவிட்டது. ஓர் அடி ஆழமுள்ள வாளியில் கழுவிய ஆற்று மணலையும் மண்ணையும் கலந்து நிரப்பி, விரலால் குழி தோண்டினால் சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்தி உள்ளே வையுங்கள். தோண்டும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, கூண்டைச் சுற்றித் துணி போட்டுவிடுங்கள், ஆள் பார்த்தால் பாதியில் விட்டுவிடும். ஓரிரு நாள் தோண்டியும் இடாமல், கண்ணை மூடித் தளர்ந்து கிடந்தால் அன்றே மருத்துவமனை. உங்களுடையது பெண்ணாக இருந்து, இப்போது கண்ணை மூடுவது அதனாலும் என்றால், நான் மேலே எழுதிய எதையும் வாங்கப் போவதற்கு முன் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.